மழை கொட்டுகிற ஊரில் செடிக்கு ஏன் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம்? வீட்டு முற்றத்தைத் திருத்தி அமைக்க ஒரு வழிகாட்டி

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முக்கால் மணி நேரம் பேய்மழை. வீட்டு முன்னால் லோங்காங், அதாவது மழைநீர்க் கால்வாய், நிரம்பி ஓடியது. மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால், அப்பா ஹோஸைப் பிடித்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்.

“நேத்துதானேப்பா அவ்வளவு மழை?”

“மேலதான்டா நனைஞ்சிருக்கு. இங்க வந்து பாரு.”

கையிலிருந்த சின்ன கரண்டியால் புல்லை ஒதுக்கித் தோண்டினார். ஒரு விரற்கடைக்கு ஈரம். அதற்குக் கீழே செங்கல்லாக இறுகிப்போன மண், நடுநடுவே உடைந்த டைல்ஸ் துண்டு. அப்புறம் கூரைக்கு அடியில் வரிசையாக வைத்திருந்த இட்லிப்பூச் செடிகளின் பக்கம் போய் மண்ணைக் கிள்ளிக் காட்டினார். விபூதி மாதிரி உதிர்ந்தது. ஒரு சொட்டு மழைகூட அங்கே விழவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, சென்னையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நம் முற்றத்துக்கு மழை குறைவாக இல்லை, வந்த மழை தங்குவதில்லை, அவ்வளவுதான். பாதி கூரையோடு போய்விடுகிறது, மீதி சிமெண்டுத் தரையிலும் இறுகிய மண்ணிலும் வழுக்கிக்கொண்டு கால்வாய்க்குப் போய்விடுகிறது. அதனால் குறைவான தண்ணீரில் தோட்டம் போட வேண்டுமென்றால் செடிக் கடைக்கு ஓடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. மழை உங்கள் வீட்டில் எங்கே விழுகிறது, எந்த வழியாக ஓடுகிறது, எந்த இடத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹோஸுக்கு அடியில் வாளி வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 12 லிட்டர் வருகிறது. அப்பா தினமும் அரை மணி நேரம் நிற்பார். 360 லிட்டர். மாதத்துக்குப் பத்தே முக்கால் கன மீட்டர். ஏப்ரல் 2025 முதல் மாதம் 40 கன மீட்டர் வரைக்கும் ஒரு கன மீட்டருக்கு 3.24 சிங்கப்பூர் வெள்ளி, ஜிஎஸ்டி தனி. ஆக மாதம் 35 வெள்ளி புல்லுக்கு மட்டும். சராசரியாக ஒரு ஆள் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் தண்ணீரே 140 லிட்டர் பக்கம்தான், நாங்கள் இரண்டரை ஆள் தண்ணீரைப் புல்லுக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம். 1963-64இல் பத்து மாதம் தண்ணீர்ப் பங்கீடு இருந்தபோது கம்பத்துக் (அந்தக்கால கிராமக் குடியிருப்பு) குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்ற மனிதர் அப்பா. அவருக்கு இந்தக் கணக்கைச் சொன்னதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முதல் வேலை: குடையை எடுத்துக்கொண்டு மழையில் நில்லுங்கள்

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு நல்ல மழை பெய்யும்போது, இடி மின்னல் இல்லையென்றால், வெளியே போய் இருபது நிமிடம் பாருங்கள். கூரை நீர் எந்த மூலையில் கொட்டுகிறது, எங்கே குட்டை கட்டுகிறது, கார் போர்ச் சரிவு எந்தப் பக்கம், எந்தச் செடி நனையவே இல்லை. மழை விட்டதும் ஒரு தாளில் வீட்டை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். என் படம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்தது போலத்தான் இருந்தது, பரவாயில்லை, இன்றுவரை அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன்.

வெயிலையும் அதே தாளில் குறிக்க வேண்டும், ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், ஜூனில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், டிசம்பரில் தெற்குப் பக்கமாக. டிசம்பரில் ‘நல்ல நிழல்’ என்று நினைத்து வடக்குச் சுவரோரம் நான் வைத்த பெரணிகள் ஜூனில் பொரித்த அப்பளம் ஆகிவிட்டன. அண்டை வீட்டுச் சுவர், எதிரே இருக்கிற அடுக்குமாடி, தெரு மரம் எல்லாம் நிழலை மாற்றும். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துவிடுவது நல்லது, அதற்குப் பொறுமை இல்லையென்றால் வடக்கும் தெற்கும் இரண்டுமே வெயில் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்

இங்கே தரை வீடுகளில் முற்றத்து மண் என்பது பெரும்பாலும் வீடு கட்டியவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் இடிபாட்டின் மேல் மூன்று அங்குலத்துக்கு நல்ல மண் போட்டு, அதன் மேல் புல்லைப் பாய் மாதிரி விரித்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார் ஒரு குத்தகைக்காரர். கேட்டால் “எல்லா வீட்டுக்கும் இப்படித்தான்” என்றார். அது பொய்யில்லை என்பதுதான் வருத்தம்.

நீர் இறங்குகிறதா என்று பார்ப்பது சுலபம். ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். அது வடிந்ததும் இன்னொரு தடவை நிரப்பி, கடிகாரத்தைப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் மண் பிழைத்துக்கொள்ளும். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் பள்ளம் கிள்ளம் எதுவும் போடாதீர்கள், மண்ணை மேடாக்கித்தான் நட வேண்டும்.

களிமண்ணைத் தளர்த்த மணல் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நானும் கேட்டுக்கொண்டு ஆறு மூட்டை போட்டேன். சிமெண்டுக் கலவை மாதிரி இறுகிவிட்டது, அந்த மூலையில் இன்றைக்கும் பாரை இறங்காது. போடவேண்டியது மட்கிய குப்பைதான். 20, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தி, இடிபாட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மட்கிய உரத்தைக் கலந்துவிடுங்கள். அதற்கு மேல் காய்ந்த இலை, மரச்சீவல், தென்னை மட்டைத் துண்டு என்று எது கிடைக்கிறதோ அதை ஐந்தாறு சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், நம் ஈரப்பதத்துக்கு அடித்தண்டு அழுகிவிடும். இந்த வெயிலில் மூடாக்கு நாலைந்து மாதத்தில் மட்கி மண்ணோடு மண்ணாகிவிடும், மறுபடி போட வேண்டியதுதான். இலை கூட்டித் தெருவில் குவித்துவைக்கும் பக்கத்து வீட்டு அங்கிளிடம் நான் ஒரு மூட்டை கேட்டேன், இப்போது அவரே கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறார்.

மழையை நிறுத்தி வைப்பது

நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் ஏபிசி (துடிப்பான, அழகான, சுத்தமான) நீர்நிலைகள் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து ஊரில் பல இடங்களில் மழைத்தோட்டம் போட்டிருக்கிறார்கள். ஓடிவருகிற மழைநீரைத் தாழ்வான செடிப் பாத்தியில் கொஞ்ச நேரம் நிறுத்தி, மண்ணுக்குள் வடியவிடுவதுதான் விஷயம். அதையே வீட்டில் சின்னதாகச் செய்யலாம். கூரை நீர் கொட்டுகிற இடத்திலிருந்து கூழாங்கல் நிரப்பிய ஒரு வாய்க்கால், அது போய்ச் சேரும் இடத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு தட்டுப் பள்ளம். வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம், அஸ்திவாரத்தில் ஈரம் ஏறும். பள்ளம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் லோங்காங்குக்குப் போக ஒரு வழி விட்டுவிடுங்கள், பக்கத்து வீட்டுக்கு அல்ல. நின்ற தண்ணீர் ஒரு நாளுக்குள் முழுசாக வடிந்தாக வேண்டும், ஏன் என்பது உங்களுக்கே தெரியும், கொசுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பள்ளத்தில் கால் நனைந்தாலும் தாங்கும், நாலு நாள் காய்ந்தாலும் தாங்கும் செடிதான் சரி. கல்வாழை, ஸ்பைடர் லில்லி, வெட்டிவேர். நடுவில் கொஞ்சம் பாண்டானும் சேம்பும் வைத்தேன். தேங்காய்ச் சோறு பொங்கும்போது பாண்டான் இலைக்கு இப்போது கடைக்குப் போவதில்லை.

முற்றம் முழுக்க சிமெண்டாக இருந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை. சுவரோரம் ஒரே ஒரு வரிசை டைல்ஸைப் பெயர்த்து எடுத்துவிட்டு அதில் செடிப் பாத்தி போட்டாலே, சரிவில் வருகிற தண்ணீரில் ஒரு பகுதி அங்கே நின்றுவிடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லோங்காங்கில் போகிற மழை வீண் என்று சொல்ல முடியாது. தீவில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்தத் தண்ணீர் 17 நீர்த்தேக்கங்களில் ஏதோ ஒன்றுக்குப் போகிறது. அங்கே போய், சுத்தமாகி, குழாய் வழியாக என் வீட்டுக்கே திரும்பி வருகிறது, நான் அதைக் காசு கொடுத்து வாங்கிப் புல்லுக்கு ஊற்றுகிறேன்! இதே காரணத்துக்காகத்தான் உரத்தையும் கண்டபடி கொட்டக் கூடாது. கரைந்து போகிற உரம் போய்ச் சேருகிற இடம் அந்த நீர்த்தேக்கம்தான்.

செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள்

அதிகம் குடிப்பவை ஒரு பக்கம், குடிக்காதவை ஒரு பக்கம். இவ்வளவுதான் சூத்திரம், ஆனால் யாரும் செய்வதில்லை, நர்சரியில் அழகாக இருந்ததை வாங்கிவந்து இடமிருக்கிற இடத்தில் வைக்கிறோம். கற்றாழைக்குப் பக்கத்தில் புதினா வைத்தால் ஒன்று அழுகும், இல்லையென்றால் மற்றது காயும்.

தேக்கா சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து வேர்விட்ட புதினா, வெற்றிலைக் கொடி, கீரை எல்லாம் தண்ணீர்ப் பேய்கள். இவற்றைச் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், அரை நிழலில், ஒரே பாத்தியில் வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறி அலசிய தண்ணீரும் அங்கே போய்விடும். கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சம்புல், ஓமவல்லி இவை நடுத்தரம், வேர் பிடித்துவிட்டால் மழையே போதும் என்று பல வாரம் ஓட்டிவிடும்.

வெயில் கொளுத்துகிற இடத்துக்குக் காகிதப்பூவை விட்டால் ஆள் இல்லை. நம் ஊர் மேம்பாலங்களில் அத்தனை காகிதப்பூ எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? குறுகிய தொட்டி, கொஞ்சம் மண், சுள்ளென்ற வெயில், அதுதான் அதற்குப் பிடிக்கும். தண்ணீர் அதிகமானால் இலையாகத் தள்ளும், பூக்காது. எங்கள் வீட்டுக் காகிதப்பூ இரண்டு வருடம் பூக்காமல் இருந்ததற்கு அப்பாவின் ஹோஸ்தான் காரணம், இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அடினியம், பத்துமணிப்பூ, கற்றாழை இவையும் அதே இனம். ரொம்பக் காய்ந்த மணற்பாங்கான இடமென்றால் அடம்பு படரவிடலாம். சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்தில் வருகிற அதே அடம்புதான், சிங்கப்பூர்க் கடற்கரையிலும் கிடக்கிறது. ஆனால் வேகமாக ஓடும், வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கூரைக்கு அடியில் மழை விழாத இடம் இருக்கிறதே, அதுதான் வீட்டிலேயே வறண்ட இடம், டிசம்பரிலும் அப்படித்தான். அங்கே இட்லிப்பூ வைத்தது எங்கள் தப்பு. இப்போது பாம்புக் கற்றாழை நிற்கிறது, பத்து நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

புல் வேண்டுமா?

பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள் என்றால் வேண்டும், அந்த இடத்தில் மட்டும். யாரும் மிதிக்காத புல் வெறும் செலவு. இங்கே பரவலாக இருக்கும் அகல இலை கௌ கிராஸுக்கு வேர் மேலாக இருக்கும், நாலு நாள் வெயிலுக்கே வாடும். ஆனால் பழுப்பாகிவிட்டது என்றால் செத்துவிட்டது என்று பொருளில்லை, மழை வந்ததும் துளிர்த்துக்கொள்ளும். 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழையே இல்லாமல் போனதே, அப்போது ஊர் முழுக்கப் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது, பிறகு பச்சையாகவில்லையா? நல்ல வெயில் படுகிற இடமென்றால் சிக்லாப் புல் என்று இங்கே சொல்லப்படும் மெல்லிய இலைப் புல் இன்னும் கொஞ்சம் தாங்கும், மெதுவாக வளர்வதால் வெட்டுகிற வேலையும் குறைவு. நாங்கள் பாதிப் புல்லை எடுத்துவிட்டு மஞ்சள் பூ பூக்கிற நிலக்கடலைக் கொடியைப் படரவிட்டோம். அடிக்கடி மிதித்தால் தாங்காது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

பீப்பாய், ஏர்கான், கொசு

15 சதுர மீட்டர் கார் போர்ச் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 300 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர், கணக்கு அவ்வளவு லேசு. 200 லிட்டர் பீப்பாய் ஒரே மழையில் நிரம்பிவிடும். செடிக்கு மட்டும்தான், குடிக்க அல்ல.

ஆனால் பீப்பாய் வைப்பதென்றால் ஒழுங்காக வையுங்கள், இல்லையென்றால் வைக்கவே வேண்டாம். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் போதும். ஒளி புகாத பீப்பாய், இறுக்கமான மூடி, கூரை நீர் நுழைகிற வாயிலும் வழிந்து வெளியேறுகிற வாயிலும் நெருக்கமான கொசுவலை, அடியில் குழாய். மூடியின் மேலேயே தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள், என் முதல் பீப்பாயில் மூடியின் குழிவில்தான் புழு நெளிந்தது, உள்ளே ஒன்றுமில்லை. நான் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, தேசியச் சுற்றுப்புற வாரியத்து அதிகாரி தெருவுக்கு வந்தது வியாழக்கிழமை. தப்பித்தேன். பூச்சட்டிக்கு அடியில் தட்டே வேண்டாம். கூரைத் தகரக் கால்வாயில் இலை அடைத்திருக்கக் கூடாது. அன்னாசி இனத்து அலங்காரச் செடிகள் தண்ணீர் கேட்காது என்று ஆசையாக வாங்குவார்கள், அவற்றின் இலை இடுக்கில் தேங்குகிற தண்ணீரிலும் முட்டை போடும், வாரம் இரண்டு தடவை ஹோஸால் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு கிடக்கும் என்பதால் வாளி, சட்டி விளிம்பை வெறுமனே கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவுங்கள்.

பீப்பாய் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ஏர்கான் இருக்கிறது. இந்த ஊர் ஈரப்பதத்துக்கு ஒரு படுக்கையறை ஏர்கான் ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் எங்கள் வாளியில் ஏழெட்டு லிட்டர் நிற்கிறது. அதைப் பூச்செடிக்கு ஊற்றிவிடுங்கள், கீரைக்கு வேண்டாம், குழாய்க்குள் என்ன பாசி பிடித்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும். வாளியை அன்றன்றைக்குக் காலி செய்துவிட வேண்டும்.

எப்போது, எவ்வளவு

காலையில் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரத்துக்கு இரண்டு தடவை ஆழமாக ஊற்றினால் வேர் கீழே தேடிப் போகும். ஊற்றலாமா வேண்டாமா என்று பார்க்க ஒரு சாத்தே குச்சி, அதாவது இறைச்சி கோத்துச் சுடுகிற மெல்லிய குச்சி, போதும். மண்ணில் விரல் நீளத்துக்குக் குத்தி எடுங்கள், ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் பேசாமல் உள்ளே போய்க் காப்பி குடியுங்கள். கூரைக்கு அடியிலும் கீரைப் பாத்தியிலும் மட்டும் சொட்டுநீர்க் குழாய் போட்டேன், மூடாக்குக்குக் கீழே. குழாயில் மாட்டுகிற டைமர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், கொட்டும் மழையில் டைமர் தண்ணீர் விடுகிறதைப் பார்ப்பதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

நடுகிற காலம் முக்கியம். வறட்சி தாங்கும் செடியும் முதல் இரண்டு மூன்று மாதம் குழந்தைதான், தண்ணீர் கேட்கும். தீபாவளி முடிந்த கையோடு நட்டுவிட்டால் வடகிழக்குப் பருவமழை உங்களுக்குப் பதிலாக ஊற்றும். தைப்பூசம் வரும்போது வானம் வெளுத்துவிடும், பிப்ரவரிதான் பொதுவாகக் குறைவான மழை, அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். ஜனவரிக் கடைசியில் புதுச் செடி நட்டுவிட்டு ‘காய்ந்துபோச்சே’ என்று புலம்பக் கூடாது.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்காரர்களுக்கு ஒரு வரி: பெரிய சட்டி, வெயில் கேட்கிற செடி, மேலே மூடாக்கு, ஏர்கான் தண்ணீர். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைபாதை விட்டு வையுங்கள். சின்னச் சின்ன மண்சட்டி பத்து வைப்பதைவிடப் பெரிய சட்டி இரண்டு மேல், சின்னது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் இன்னும் ஒரு இடம் வழிக்கு வரவில்லை. கேட்டுக்கும் லோங்காங்குக்கும் நடுவே ஒன்றரை அடி மண், இரண்டு பக்கமும் சிமெண்டுச் சூடு. நிலக்கடலைக் கொடி போனது, இட்லிப்பூ போனது, வெட்டிவேர்கூட முறைத்துக்கொண்டு நிற்கிறது. இப்போதைக்கு ஒரு அடினியம் சட்டியைத் தூக்கி அங்கே வைத்திருக்கிறோம், அப்பா அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.